ஒருவரை ஒட்டுக்கேட்பதா, எல்லோரையும் அள்ளுவதா?

சந்தேகத்துக்குரிய ஒருவரின் போனை மட்டும் ஒட்டுக்கேட்க, பல நாடுகளில் போலீஸ் நீதிபதியிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். தாமதமாகும்தான், ஆனால் யார், ஏன், எத்தனை நாள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும்.

மொத்தமாக அள்ளுவது வேறு கதை. அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ கோடிக்கணக்கானோரின் அழைப்பு விவரங்களைச் சேர்த்துவந்ததை 2013இல் அங்கே ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடன் அம்பலப்படுத்தினார். பேச்சைக் கேட்கவில்லையாம், எண்ணும் நேரமும் மட்டும்தானாம்! நள்ளிரவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு 20 நிமிட அழைப்பு, விடிந்ததும் மனநல மருத்துவருக்கு இன்னொன்று. இதற்கு மேல் பேச்சு எதற்கு?

பலன்? பயங்கரவாத விசாரணை எதன் முடிவையும் இத்திட்டம் மாற்றியதற்குச் சான்றில்லை என்று 2014இல் அந்நாட்டுத் தனியுரிமை மேற்பார்வை வாரியமே சொன்னது. மறு ஆண்டே சட்டம் மாறியது.

என் ஓட்டு முதலாவதுக்கு, நீதிபதி வெறும் ரப்பர் ஸ்டாம்ப் ஆகாதவரை.