சோக் வண்டியா, சென்சார் வண்டியா: என் முதல் இரண்டு கார்கள்

முதல் கார் என்றால் எனக்கு இரண்டு வண்டிகள் ஞாபகம் வரும். ஒன்று, பல கை மாறி என்னிடம் வந்த கார்புரேட்டர் வண்டி: இன்ஜின் இழுக்கும் காற்றின் உறிஞ்சலிலேயே பெட்ரோலைக் கலந்து அனுப்புகிற பழைய வகை. இன்னொன்று, ஆறு வருடம் கழித்து அதன் இடத்துக்கு வந்த, கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு இன்ஜெக்டர் என்ற முனை வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. இரண்டையும் முடிந்தவரை நானே பழுது பார்த்தேன். பழைய கார் வாங்கி, தானே கவனித்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த இரண்டில் எது சரி என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

காலையில் கிளப்புவதில் போட்டியே இல்லை. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். பழைய வண்டியில் அந்த வேலை என் கையில் இருந்தது: காற்றைக் குறைக்கும் சோக் குமிழை முழுதாக இழு, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி, செல்ஃப் அடி, சத்தம் சீரானதும் கொஞ்சம் கொஞ்சமாக சோக்கை உள்ளே தள்ளு. அவசரப்பட்டால் பிளக் நனைந்துவிடும். அப்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து, காற்றை நிறைய உள்ளே விட்டு, மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியிலும் இதே வேலைதான் நடக்கிறது. வெப்பநிலை சென்சாரைப் பார்த்து, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துகொள்ளும். நாம் சாவியைத் திருப்பினால் போதும்.

மைலேஜும் புகையும் அப்படித்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டி அந்த அளவை ஓயாமல் சரிசெய்துகொண்டே ஓடும். கார்புரேட்டரில் அந்தத் துல்லியம் கிடைக்காது.

ஆனால் பழைய வண்டியில் பாயின்ட் செட் செய்வது! அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், உள்ளே சின்னதாக ஒரு ஜோடி பாயின்ட், அதாவது தொட்டு விலகும் மின்தொடர்பு முனைகள். அது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு பொறி. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், அந்தப் பாயின்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. அத்தனை தடவை அதைத் திறக்கும் கேமில் உரசித் தேய்வதால் இடைவெளி குறையும், டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்தங்கும், மேட்டில் வண்டி இழுக்காது. என் வண்டிக்கு 0.4 மில்லிமீட்டர் இடைவெளி. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வெளியே வரவேண்டும். அந்தப் பிடிப்பைக் கை கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. முதல் தடவை சரியாக அமைந்த அன்று, இன்ஜின் ஒரே சீராக ஓடுவதைக் கேட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்து வைத்தபடியே வெகு நேரம் நின்றிருந்தேன். அந்தச் சந்தோஷத்தை அடுத்த வண்டி எனக்குத் தரவே இல்லை. அதில் பாயின்ட்டும் இல்லை, செட் செய்ய ஒன்றும் இல்லை.

பழுது கண்டுபிடிப்பதில் பலரும் இன்ஜெக்‌ஷன் வண்டிதான் சுலபம் என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. என் வண்டியில் ஒருநாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டிக் கம்ப்யூட்டரின் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கோட் ரீடரில் பி0171 என்று வந்தது: கலவையில் பெட்ரோல் போதவில்லை. நான் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினேன். மறுநாளே விளக்கு மறுபடி எரிந்தது. கடைசியில் பார்த்தால், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்து, கணக்கில் வராத காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. சென்சார் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. கோட் சொல்வது அறிகுறியை மட்டும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் நான் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பேன். இளம்பழுப்பு என்றால் நல்லது, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. பிளக் சொன்னதும் அறிகுறிதான், ஆனால் தேட வேண்டிய இடங்கள் குறைவு.

நடுவழியில் நின்றுபோவது பழைய வண்டிதான் அடிக்கடி. ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் அடைப்பென்றால் கழற்றி ஊதி மாட்டிவிட்டு அரைமணியில் கிளம்பலாம். இன்ஜெக்‌ஷன் வண்டி ஒரே ஒரு தடவைதான் நின்றது. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் போய்விட்டது. கட்டி இழுத்துத்தான் கொண்டுபோனோம்.

என் தீர்ப்பு இதுதான். தினமும் வேலைக்குப் போக இந்த ஒரே வண்டிதான் என்றால் இன்ஜெக்‌ஷனை எடுங்கள். அதிலும் கோட் ரீடரைச் செருகும் ஓபிடி-2 சாக்கெட் உள்ளதாகப் பாருங்கள். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் அது கட்டாயமானது. சாதாரண ரீடரே போதும். போக வர வேறு வழி இருக்கிறது, வார இறுதியில் கையில் கிரீஸ் படவேண்டும் என்றால், தயங்காமல் சோக் வண்டி. இன்றைக்கு ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுப்போம் என்றால் நான் அதைத்தான் கேட்பேன்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். கதவின் கீழ்விளிம்பிலும் சக்கர வளைவிலும் துணி சுற்றி வைத்துப் பாருங்கள். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் அது ஒட்டவில்லை என்றால், பெயின்ட்டுக்குக் கீழே இருப்பது பட்டி. கார்புரேட்டரை ஒரு கேஸ்கெட் கிட் வாங்கி ஒரே சாயங்காலத்தில் புதுப்பித்துவிடலாம். துருவை அப்படி முடியாது.