இரண்டாவது குழந்தை வருவதற்குள்: மாடியில் அறையா, ஹாலில் தடுப்பா, வாடகை வீடா?

எனக்கு ஐந்து மாதம் முடியப்போகிறது. மே நடுவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். மூத்தவளுக்கு நான்கு வயது. திருச்சியில் திருவெறும்பூர் பக்கம், 2004இல் மாமனார் கட்டிய வீடு எங்களுடையது. கீழ்த்தளம் மட்டும்தான்: இரண்டு படுக்கையறை, ஒரு நீளமான ஹால். ஒரு அறையில் நாங்கள் மூன்று பேர், இன்னொன்றில் மாமாவும் அத்தையும். தலைப்பிரசவம் தஞ்சாவூரில் அம்மா வீட்டில் நடந்தது. இரண்டாவது புகுந்த வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதோடு ஜூனில் மூத்தவளுக்குப் பள்ளி திறந்துவிடும். அதனால் இந்த முறை அம்மா இங்கே வந்து மூன்று மாதம் இருக்கப்போகிறார்.

"ரெண்டாவது வருது, சட்டுன்னு மேல ஒரு ரூம் எடுத்துருங்க" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அந்த அறை யாருக்கு என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் எங்கள் கணக்கு மாறியது. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு வருஷத்துக்குத் தனி அறை வேண்டாம். என் பக்கத்திலும் தூளியிலும்தான் கிடக்கும். இடமில்லாமல் தவிக்கப்போவது ராத்திரி இரண்டு மணி அழுகையில் தூக்கம் கலையப்போகும் மூத்தவளும், அவளை அணைத்துக்கொண்டு படுக்கப்போகும் அம்மாவும்தான். நாங்கள் பார்த்த நான்கு வழிகளையும் இதை வைத்துத்தான் எடைபோட்டோம்.

முதலில் மாடியில் கான்கிரீட் அறை. பத்துக்குப் பன்னிரண்டு, கூடவே சின்னக் குளியலறை. படிக்கட்டு ஏற்கெனவே இருப்பதால் நான்கு லட்சத்தை ஒட்டி முடியும் என்றார் மேஸ்திரி. அஸ்திவாரம் மாடிக்கும் சேர்த்துப் போட்டது, கீழே ஒன்பது அங்குலச் சுவர், ஆகவே பாரம் தாங்கும் என்று இன்ஜினியரும் பார்த்துச் சொல்லிவிட்டார். பணத்தைப் புரட்டிவிடலாம், நாட்களை எப்படிப் புரட்டுவது? பொங்கலுக்கு ஊருக்குப் போன கொத்தனார்கள் திரும்பிவரத் தை பத்து ஆகிவிடும். சுவர் எழும்பி, கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் பட்டை போட்டு, தளத்தைத் தாங்கச் சென்ட்ரிங் பலகை அடித்துத் தளம் போட பிப்ரவரி கடைசி. அப்புறம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், இரண்டு வாரமாவது. கான்கிரீட் முழு பலத்துக்கு வருவதை 28 நாளில் வைத்துத்தான் கணக்கிடுவார்கள். இந்த அகலத்துக்கு அதற்கு முன்பே பலகையைப் பிரிக்கலாம் என்றாலும், எங்கள் மேஸ்திரி மூன்று வாரம் விடச் சொன்னார், நல்லதுதான். பிறகு உள்பூச்சு, வெளிப்பூச்சு, அதற்கு ஒரு வாரம் தண்ணீர், வயரிங், தரை. புதுப் பூச்சு ஈரம் இறங்க ஒரு மாதம் விடாமல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் பொரிந்து உரியும். எதுவும் தள்ளிப்போகாமல் நடந்தாலும் பெயின்ட் வேலை மே மாதத்துக்கு வந்து நிற்கிறது. பச்சைக் குழந்தை வீட்டுக்கு வரும் வாரமும் பெயின்ட் வாடை வரும் வாரமும் ஒன்றாகிவிடும்.

அத்தை முதல் நாளிலேயே சொன்னார்: "புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல வாசக்கால் வைக்கக் கூடாதும்மா." நம்பிக்கை என்று நான் அதைத் தள்ளிவிடவில்லை. தலைக்கு மேலே செங்கல் ஏறுகிறது, படியெல்லாம் ஜல்லி, நாள் முழுக்கச் சிமெண்டுத் தூசி, எப்போதும் திறந்தே கிடக்கும் கேட், அதற்குள் ஒரு நான்கு வயதுப் பெண். காரணம் வேறாக இருந்தாலும் நானும் அவர் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

நாள் பிரச்சினைக்கு மாற்றாகச் சொல்லப்படுவது ஷீட் அறை. நாலரை அங்குலச் சுவர், மேலே கலர் தகர ஷீட், ஒரு மாதத்தில் முடியும், செலவும் ஏறக்குறைய பாதி. இதை நான் வேண்டாம் என்பதற்கு வெயில்தான் காரணம். எனக்குப் பிரசவம் அக்கினி நட்சத்திரத்துக்கு நடுவில். மகப்பேறு சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்திலிருந்து இரண்டாவது குழந்தைக்கும் 26 வாரம் விடுப்பு உண்டு என்பதால், பகல் முழுக்க நான் வீட்டில்தான் இருப்பேன். அந்த அறையில் பகலில் யாரும் தங்க முடியாது. ராத்திரியும் ஷீட்டின் சூடு இறங்க நேரமாகும். நடுவில் நுரை வைத்த பேனல் போட்டால் சூடு குறையும், ஆனால் அப்போது விலை கான்கிரீட்டை நெருங்கிவிடுகிறது. மழை பெய்தால் உள்ளே பேச்சுக் கேட்காது. எல்லாவற்றையும்விட, முட்டி வலிக்கிற அம்மாவை ஒரு நாளைக்கு எத்தனை முறை படி ஏற்றி இறக்குவது? இந்தக் குறை கான்கிரீட் அறைக்கும் உண்டு. ஆனால் மொட்டை மாடியில் பாதிக்குச் சுவரில்லாமல் ஷீட் மட்டும் போடுவது வேறு விஷயம். கீழ் அறைகளுக்கு நிழல் கிடைக்கும், ஐப்பசி மழையில் குழந்தைத் துணி காயும். அதற்கு நான் முழுமனதாக ஓட்டுப் போடுவேன்.

வாடகை வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று படுக்கையறை வீடு எங்கள் பக்கத்தில் அபூர்வம். இரண்டு பார்த்தோம், இரண்டுமே மாதம் பதினெட்டாயிரத்துக்குக் குறையவில்லை, ஒன்று இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு மாமாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு, ஏழாவது மாதத்தில் சாமான் கட்ட எனக்குத் தெம்பில்லை. வாடகை வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறாக வரும். அவர்கள் ஆறாவது மாதத்துக்குள் மாறிவிடுவது நல்லது.

மிச்சம் இருப்பது ஹாலில் தடுப்பு. இருபதுக்குப் பதினொன்று ஹால் எங்களுடையது. அதில் பின்பக்கம் எட்டடியைத் தடுத்தால் எட்டுக்குப் பதினொன்றில் ஒரு அறை கிடைக்கும். அம்மாவுக்கு ஒரு கட்டில், மூத்தவளுக்கு ஒரு மெத்தை, ஒரு பீரோ. காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் போட்டபின் மாற்ற முடியாத விஷயம் என்பதால் ஒரு வாரம் வாழ்ந்து பார்த்தோம். சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, அதற்கு நேர் மேலே கயிறு கட்டி, என் பழைய காட்டன் புடவை நான்கைத் தொங்கவிட்டோம்.

அந்த ஒரு வாரத்தில் தெரிந்ததை எந்த இன்ஜினியரும் சொல்லவில்லை. ஹாலில் இருக்கும் ஒரே ஃபேன் கோட்டுக்கு ஒன்றரை அடிதான் தள்ளி இருந்தது. தடுப்பு வந்தால் உள் அறைக்குக் காற்றே வராது, ஆகவே அங்கே தனி ஃபேன் பாயின்ட் வேண்டும். பெரிய ஜன்னல் உள்பக்கம் போய்விட, டிவி இருக்கும் பக்கம் மதியமே இருட்டாகிவிட்டது. கோட்டை ஓரடி நகர்த்தியபின் சின்ன ஜன்னலின் வெளிச்சம் ஹாலுக்கு மிஞ்சியது. மூன்றாம் ராத்திரி மாமா பாத்ரூமுக்கு எழுந்து லைட் போட்டார், வெளிச்சம் நேராக மகள் முகத்தில் விழுந்து அவள் எழுந்துவிட்டாள். கதவை இடமிருந்து வலப்பக்கம் மாற்றியது அதனால்தான்.

தடுப்பை எதில் போடுவது என்பதிலும் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். நாலரை அங்குலச் செங்கல் கெட்டி, சத்தம் தாண்டாது, ஆனால் மறுபடி ஈரம், பூச்சு, காயும் நாள் என்று முதல் கதைக்கே போகிறோம். பிளைவுட் சீக்கிரம் முடியும், அழகாகவும் இருக்கும், ஆனால் அதில் இருக்கும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற காட்டமான வாயு மாதக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். மூடிய சின்ன அறையில் வயதானவரையும் குழந்தையையும் படுக்கவைக்க எனக்கு மனமில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்தது ஜிப்சம் போர்டு: இரும்புச் சட்டம் அடித்து இரண்டு பக்கமும் போர்டு, நடுவில் சத்தத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு. இரண்டு நாள் வேலை. கதவோடு சேர்த்து முப்பதாயிரத்துக்குள் பேசியிருக்கிறோம். ஆணி அடித்து அலமாரி மாட்ட முடியாது என்பது குறைதான். மாட்டப்போகும் இடத்தை முன்பே சொன்னால் உள்ளே கட்டை வைத்துத் தருவார்கள்.

எந்த வழியை எடுப்பவர்களும் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும், பழைய பெயின்ட்டில். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1ஆம் தேதி. எங்கள் ஜன்னல் கம்பிகளிலும் கதவுகளிலும் இருக்கும் எனாமல் அதற்குப் பதிமூன்று வருஷம் மூத்தது. "தேய்ச்சுட்டு அடிச்சா பளபளன்னு இருக்கும்" என்று பெயின்டர் உப்புத்தாளை எடுத்தபோது நிறுத்தச் சொன்னேன். ஈயத் தூசி வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் ஆகாது, தரையில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும் நான்கு வயதுக்காரிக்கும் ஆகாது. உரியாத இடத்தைத் தொடாமல் விடுவது, உரிந்த இடத்தை நனைத்துத் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தெடுப்பது, அந்தப் பத்து நாள் நானும் மகளும் வீட்டிலேயே இல்லாமல் தஞ்சாவூரில் இருப்பது என்று முடிவாகியிருக்கிறது.

நாங்கள் தஞ்சாவூரில் இருக்கப்போகும் அந்தப் பத்து நாளில் இன்னொரு வேலையும் முடிந்துவிடும்: குளியலறை. அறையைவிட இது அவசரம் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைப்பிரசவம் சிசேரியன். அம்மா வீட்டின் வழுக்குத் தரையில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. வழுக்காத டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட், உட்கார்ந்து எழ ஒரு கைப்பிடி. டைல்ஸை அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும் என்று கணவர் எழுதியே கொடுத்துவிட்டார். இதற்கும் தடுப்புக்கும் சேர்த்து ஒன்றேகால் லட்சம் ஆகும்.

கான்கிரீட் அறையை நாங்கள் கைவிடவில்லை. இந்த வருஷம் பிளான் அனுமதியை வாங்கி வைத்துக்கொண்டு, ஆடியும் ஐப்பசி மழையும் போனபின் அடுத்த தையில் தொடங்குவதாக இருக்கிறோம். அப்போது சின்னதுக்கு எட்டு மாதம், தவழ்ந்துகொண்டிருக்கும். வேலை நடக்கும்வரை படிக்கட்டின் அடியில் ஒரு கதவு போட்டாக வேண்டும், மாடிக் கைப்பிடியில் கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

தூளிக்கு எங்கள் படுக்கையறைத் தளத்தில் 2004இலேயே விட்ட ஒரு கொக்கி இருக்கிறது. ஜிப்சம் அறையிலோ ஷீட்டிலோ அதற்கு வழியே இல்லை. நேற்றுக் கணவர் அதன் துருவைச் சுரண்டிவிட்டு, 25 கிலோ அரிசி மூட்டையைக் கயிற்றில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டார். காலையில் எழுந்ததும் மகள்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தாள். மூட்டை அப்படியே இருந்தது.