தரங்கம்பாடி நடைச் சுற்றுலா: ஏற்றம் முழுதாக, இறக்கம் அரைகுறையாக

மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியை மூன்று மணி நேரம் நடந்தே சுற்றிக்காட்டும் சேவை ஒன்றில் சென்ற மாதம் குடும்பத்தோடு கலந்துகொண்டேன். காலை ஆறரை மணிக்கே தொடங்குவதால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுகிறது. பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதால் கடைசியில் நிற்பவருக்கும் வழிகாட்டியின் பேச்சு கேட்கிறது.

கோட்டையில் தொடங்காமல் மாசிலாமணி நாதர் கோயிலில் தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. டென்மார்க்கிலிருந்து டேனியர் வந்த பிறகுதான் ஊரே உண்டானது என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் 1306-ஐ ஒட்டி மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் கல்வெட்டு, சடங்கன்பாடி என்ற குலசேகரன்பட்டினம் என்றே இவ்வூரைக் குறிப்பிடுகிறது. பட்டினம் என்றாலே துறைமுக ஊர்தான் என்பதை வழிகாட்டி எடுத்துச் சொன்னபோது, கோயிலின் ஒரு பகுதியைக் கொண்டுபோன அதே கடல் எங்கள் காலடியில் அடித்துக்கொண்டிருந்தது.

தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620-இல் எழுந்த டேனிஷ் கோட்டையில் சற்று அதிக நேரம் நின்றோம். காரை உதிர்ந்த சுவரில் தெரிந்த மெல்லிய செங்கற்களை என் மகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவில் நங்கூரமிட்டதையும், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள் அலையைக் கடந்து சரக்கை ஏற்றி இறக்கியதையும் வழிகாட்டி கண்முன் நிறுத்தினார். 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு ஆகியவற்றுக்கும் குறையில்லை.

குறை அதற்குப் பிறகுதான். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள் என்ற ஒரே வரியோடு கதை முடிந்துவிடுகிறது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்ட 1770, 80-களில் நடுநிலைக் கொடியின் கீழ் சரக்கு அனுப்ப வணிகர்கள் டேனியக் கப்பல்களை நாடியதால்தான் இவ்வூர் உச்சத்தைத் தொட்டது. 1784-இன் ஆளுநர் மாளிகையும் 1792-இன் நகர வாயிலும் அந்தக் காலத்தவை. டென்மார்க்கே போரில் சிக்கியதும் அந்த அனுகூலம் போயிற்று. 1808 முதல் 1815 வரை ஊர் ஆங்கிலேயர் வசம் இருந்தது. அதற்குப் பின் பழைய வாணிகம் திரும்பவில்லை. வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றபோது கைமாறியது ஏற்கெனவே நலிந்துபோன துறைமுகம். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் மிச்சமிருந்த சரக்கும் அங்கே போய்விட்டது. தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926-இல். 1986-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இவ்வளவையும் அந்த நகர வாயிலின் நிழலிலேயே சொல்லியிருக்கலாம். நாங்களோ அங்கே படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஆனாலும் தயங்காமல் போகலாம். முன்பதிவு செய்யும்போதே துறைமுகம் நலிந்த கதையும் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். வழிகாட்டிக்கு விஷயம் தெரிகிறது. வண்டி ஏறும் முன் நான் கேட்டதற்குக் கால் மணி நேரம் நின்று பதில் சொன்னார்.