ஓட்டையை அடைக்கக் கொடுத்தேன், கன்வெர்ட்டரைக் கழற்றிக்கொண்டார்கள்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாகச் சேலத்துக்காரர்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. போட்டாலும் போர்டை மாற்ற அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

என் வண்டி 2014 மாடல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி 'டிக் டிக்' என்று சத்தம் வரும். பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடும். அடங்குகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். ஏற்காடு போன அன்றுதான் உறைத்தது. 20 கொண்டை ஊசி வளைவையும் இழுத்துக்கொண்டு ஏறும்போது காருக்குள் புகை நாற்றம். பின்சீட்டில் மகளுக்குத் தலைவலி, அம்மாவுக்குக் குமட்டல். மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தோம்! தலைவலியும் குமட்டலும் தருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, நம் மூக்குக்குத் தெரிவது கூட வருகிற மற்ற புகைதான் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. என்ஜின் பக்கம் கசிகிற புகை, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரம் வழியாக ஏசிக்குள் வந்துவிடுமாம்.

மறுநாள் பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டேன். பிட்டுக்குள் இறங்கிய பையன் அஞ்சே நிமிடத்தில் மேலே வந்து, "சைலன்சர் சுத்தமா போச்சுங்க சார், செட்டோட மாத்திரலாம், சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க" என்றான். 8,500 ரூபாய். பில் என்று கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் 'சைலன்சர் வேலை' என்று எழுதிக் கொடுத்தார்கள். கழற்றிய பழைய பாகம் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. கோட்டைவிட்டது அங்கேதான்.

மூன்றாம் நாள் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. "சென்சார் அப்படித்தாங்க காட்டும்" என்று ஸ்கேனர் மாட்டி அழித்துவிட்டார்கள். திரும்பவும் எரிந்தது. பத்தாம் நாள் அதே டிக் டிக் வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் ஃபெயில். பிஎஸ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த பெட்ரோல் காருக்கு ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எனக்கு 1.4.

அப்புறம்தான் அம்மாபேட்டையில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்டார்ட் பண்ணவே விடவில்லை. ராத்திரி முழுக்க வண்டியை ஆறவைத்தார். காலையில் புகைக்குழாய் வாயில் துணியைச் சுற்றி, கம்ப்ரசர் காற்றை லேசாக உள்ளே விட்டு, ஜாயின்ட் ஜாயின்டாகச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். என்ஜின் புகையை வாங்கி வெளியே அனுப்புகிற குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டு, என்ஜினோடு சேருகிற இடத்தில் நுரை கொப்பளித்தது. அங்கே யாரோ பேஸ்டை அப்பியிருந்தார்கள், சூட்டில் அது பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கரிக்கோடு. "கேஸ்கெட் தம்பி. சூடானா இரும்பு விரிஞ்சு சந்து மூடிக்கும், அதான் சத்தம் நின்னுபோகுது" என்றார்.

அந்த இரண்டுக்கும் நடுவே புகை கசியாமல் வைக்கிற தகடுதான் கேஸ்கெட். விலை 380 ரூபாய். துருப்பிடித்த இரண்டு ஸ்டட் போல்ட்டை எடுத்தது, மேனிஃபோல்டு முகத்தை லேத்தில் சமப்படுத்தியது எல்லாம் சேர்த்து 2,200.

வண்டிக்கு அடியில் போனவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டார்ச்சை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். புகையிலுள்ள நச்சைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் குழாய், இரண்டு பக்கமும் புது வெல்டிங். அந்த டப்பாவுக்குள் தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். பழைய சரக்குக்கே நல்ல விலை உண்டு. அதாவது என் பொருளை எடுத்துக்கொண்டு, எடுத்த கூலியையும் என்னிடமே வாங்கியிருக்கிறார்கள். ஓட்டையும் அப்படியே.

பைபாஸ் ஒர்க்ஷாப்புக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். முதலாளி அசரவில்லை. "அது அடைச்சிருந்துச்சு சார், உங்க மைலேஜுக்காகத்தான் எடுத்தோம். பழசெல்லாம் காயலான் கடைக்குப் போயிருச்சு."

வண்டியை விடும்முன் அடிப்பக்கத்தை போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். கழற்றுகிற பாகம் எதுவானாலும் டிக்கியில் போடச் சொல்லுங்கள். வேண்டாம் என்று முகம் சுளித்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது அந்தத் துண்டுச்சீட்டும், பணம் அனுப்பிய ஜிபே ரசீதும், வெல்டிங்கின் படமும்தான். புது கன்வெர்ட்டருக்கு விலை கேட்டுவிட்டு வண்டிக்குக் கவர் போட்டு நிறுத்தியிருக்கிறேன். மகளை டவுன் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறேன்.