இலவச வேனில் போய் மனை பார்த்த கதை

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் மனை விற்கும் ஒரு நிறுவனத்தின் இலவசச் 'சைட் விசிட்' சேவையைப் பற்றிச் சொல்கிறேன். தாம்பரத்தில் சொன்ன நேரத்துக்கு வேன் வந்தது. மதியச் சாப்பாட்டில் வத்தக்குழம்பு பிரமாதம்.

"கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பக்கத்திலேயே" என்றார் விற்பனைப் பிரதிநிதி. நன்றாகத் தூங்கி எழலாம், அவ்வளவு பக்கம். பரந்தூர் விமான நிலையம் வந்தால் விலை இரண்டு மடங்காம். வேனில் இருந்த பலருக்கு வீடு கட்டும் எண்ணமே இல்லை. வாங்கிப் போட்டு விற்கும் கணக்குத்தான். எதிரே இருந்த பழைய மனைப்பிரிவில் எல்லைக் கற்களுக்கு நடுவே சீமைக் கருவேலம்தான் குடியிருக்கிறது. வேளச்சேரியில் வாடகை கொடுக்கும் என்னைப் போன்றவனுக்கு ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி, நினைத்துப் பார்க்கவே முடியாது. பாதி கிரவுண்டுக்கே பி.எஃப். பணம் மொத்தமும் போய்விடும்.

துண்டறிக்கையில் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருந்தது, பாராட்டுகள். ஆனால் அன்றே விலையில் கால் பங்கைக் கட்டினால் தங்கக் காசு என்றார்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் பதிவாகாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு ரெரா சட்டம். அதைச் சொன்னதும் சிரித்தார்கள்.

போகிறவர்கள் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நான் கேட்டேன். திரும்பும்போது எனக்கு வேனின் கடைசி இருக்கை.