ஜெனரேட்டர் தங்கம், கார்புரேட்டர்தான் உயிரை வாங்குகிறது

நேற்று சாயங்காலம் மெக்கானிக் கடையிலிருந்து ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தது இது மூன்றாவது முறை. மூச்சு வாங்கி உட்காரக்கூட இல்லை, அறந்தாங்கியிலிருந்து அத்தை மகன் போன். ரத்தப் பரிசோதனை லேப் வைக்கப்போகிறான். "மச்சான், சாதா ஜெனரேட்டர் போட்டா மெஷின் போர்டு போயிடும்னு பயமுறுத்துறாங்க. உன்னுது எப்படி ஓடுது? அதையே வாங்கிடவா?" நான் இருந்த எரிச்சலில் "அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

இன்வெர்ட்டர் என்றதும் நம் பக்கம் எல்லோருக்கும் ஹாலில் பேட்டரியோடு இருக்கும் பெட்டிதான் ஞாபகம் வரும். இது அது இல்லை. பெட்ரோலில் ஓடும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். 21 கிலோ, ஒரு ஆள் தூக்கலாம். மேலே 2 கேவிஏ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். நிற்காமல் தருவது 1.6 தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. பேராவூரணிப் பக்கம் தென்னை விழுந்த வரிசையிலேயே மின்கம்பமும் விழுந்து கிடந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 23 நாள். நான் ஸ்டுடியோ வைத்திருப்பவன். இரண்டு கல்யாண ஆல்பம் கம்ப்யூட்டரில் பாதியில் நின்றது. வாடகைக்கு ஒரு சாதா ஜெனரேட்டர் எடுத்து வந்தேன். பல்பு எரிந்தது, ஃபேன் உறுமிக்கொண்டே சுற்றியது. கரண்ட் போனால் கம்ப்யூட்டரை பேட்டரியில் தாங்கும் யூபிஎஸ் மட்டும் அதை ஏற்கவில்லை. டிக் என்று ஜெனரேட்டர் கரண்டை எடுக்கும், இரண்டு நொடியில் டிக் என்று பேட்டரிக்குப் போய் பீப் அடிக்கும், மறுபடி டிக். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யூபிஎஸ் பேட்டரி தீர்ந்து, படங்களைக் காப்பி செய்துகொண்டிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது. அந்த ஹார்ட் டிஸ்க் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. கேமரா கார்டுகளை அழிக்காமல் வைத்திருந்ததால் இரண்டு குடும்பத்துக்கும் பதில் சொல்ல முடிந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. வாடகைக்கு வந்த அந்த மாதிரி ஜெனரேட்டரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ், அதாவது கரண்டில் நொடிக்கு 50 அலை. ஃப்ரிட்ஜ் போட்டால் இன்ஜின் திணறும், ஹெர்ட்ஸ் இறங்கும். அணைத்தால் எகிறும். ஏவிஆர் இருக்கிறது என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். ஏவிஆர் வோல்டேஜைத்தான் பிடித்து வைக்கும். ஹெர்ட்ஸையும் அலையின் வடிவத்தையும் அது சரிசெய்யாது. யூபிஎஸ் அந்த இரண்டையும் பார்க்கிறது. இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் இன்ஜின் தரும் கரண்டை முதலில் டிசி (பேட்டரியில் வருவது போல அலையில்லாத கரண்ட்) ஆக்கி, பிறகு எலக்ட்ரானிக் போர்டு அதிலிருந்து 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைப் புதிதாக உண்டாக்குகிறது. இன்ஜின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் வெளியே வரும் கரண்டின் ஹெர்ட்ஸ் மாறாது.

2019இல் 78,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. முதல் நாள் யூபிஎஸ்ஸை அதில் செருகிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு டிக், அவ்வளவுதான். பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. லேசர் பிரிண்டர் சூடாகும் நேரத்தில் மட்டும் இன்ஜின் குபீரென்று வேகமெடுக்கும், பிறகு தானே அடங்கும். அப்போதுகூட யூபிஎஸ் அசையாது. சத்தமும் குறைவு, அம்மா அறையில் தூங்குவார். அந்த நிம்மதிக்கு விலையே கிடையாது.

இனி என் வயிற்றெரிச்சல். பெட்ரோலில் இப்போது எத்தனால் 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசினாகிவிடும். மெக்கானிக் தம்பி நேற்று கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் சின்னக் குழாயான ஸ்லோ ஜெட்டைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, "அண்ணே, வெளிச்சம் தெரியுதா பாருங்க" என்றான். தலைமுடி நுழையும் அளவு ஓட்டை. ஒன்றும் தெரியவில்லை. வயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி மெல்லக் குத்தினான். பச்சையாக ஏதோ வந்தது. அதன் பிறகு ஊசிமுனை அளவு வெளிச்சம். இவ்வளவு விலை கொடுத்த மெஷின் ஏறி இறங்கி ஓடியதற்கும், சோக் எடுத்தால் அணைந்ததற்கும் அந்த ஓட்டைதான் காரணம்.

பெட்ரோலை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்தினால் இந்தத் தொல்லையே வராது. பைக் வைத்திருப்பவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் என் மாடலில் இன்ஜினை அணைப்பதும் பெட்ரோலை மூடுவதும் ஒரே குமிழ். மூடினால் இன்ஜின் அந்த நொடியே நிற்கும், பெட்ரோல் உள்ளேயே தங்கும். அதை வடிக்க வேண்டுமானால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கிண்ணத்தில் பிடிக்க வேண்டும். போர்டில் அவ்வளவு மூளை வைத்தவர்களுக்கு இந்தக் குமிழைப் பிரித்து வைக்கத் தோன்றவில்லையே என்று ஒவ்வொரு முறையும் ஆற்றாமையாக இருக்கிறது. பெட்ரோலை மட்டும் தனியாக மூடும் வசதியோடு இப்போது மாடல்கள் வருகின்றன. கடையில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சத்தம் எத்தனை டெசிபல் என்பதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று, எலக்ட்ரீஷியன் டெஸ்டரை ஜெனரேட்டரின் பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரியும். மெஷின் கோளாறு என்பார். கோளாறு இல்லை, உள்ளே நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காத அமைப்பு அப்படி. ஆனால் வீட்டு வயரிங்கோடு இணைப்பதாக இருந்தால் லைன் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். இரண்டு பக்கமும் பின் வைத்த வயரைப் பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கரண்ட் வெளியே போய்க் கம்பத்தில் இருக்கும் லைன்மேனைக் கொல்லும். மழை என்று ஜெனரேட்டரைத் திண்ணைக்கு உள்ளே இழுக்கவும் கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்கினவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். என்னுடையது கொல்லையில், ஜன்னலுக்கு இருபதடி தள்ளி, தனிக் கொட்டகையில் ஓடுகிறது.

மச்சான், உன் லேப் மெயின் ரோட்டில். அங்கே கரண்ட் போனால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது என்று நீயேதான் சொன்னாய். ஜெனரேட்டர் வாங்காதே. ஹாலில் வைக்கும் பெட்டி வகையில் சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்று, பேட்டரி இரண்டு, மெஷினுக்குத் தனியாக ஒரு யூபிஎஸ், உனக்கு இது போதும். வருஷத்தில் பத்து நாள் ஓடும் மெஷினுக்கு மாதாமாதம் மூடி கழற்றிப் பெட்ரோல் வடிக்க உனக்கு நேரமும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். "இவ்வளவு திட்டுறியே, உன்னுதைப் பாதி விலைக்குக் குடு." தரமாட்டேன். ஐப்பசி பிறந்துவிட்டது. நேற்று ராத்திரியே ஆயில் மாற்றி, புது பெட்ரோல் ஊற்றி, யூபிஎஸ்ஸைச் செருகிப் பார்த்துவிட்டேன். ஒரே டிக்தான்.