பேச்சு வராத பிள்ளைக்குப் படப் புத்தகமா, டேப்லெட்டா?

கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காகிதமும் லேமினேஷனும்தான் பிழைப்பு. அதனால் நான் காகிதத்தின் பக்கம் சாய்ந்தால் 'கடைக்காரன் வேறு எப்படிச் சொல்வான்' என்று நீங்கள் நினைக்கலாம். ஒரே ஒரு சமாதானம்: நாங்கள் முதலில் காசு போட்டு வாங்கியது டேப்லெட்தான். அது உடைந்த பிறகுதான் படப் புத்தகம் வீட்டுக்குள் வந்தது.

மகளுக்கு இப்போது 9 வயது. ஆட்டிசம். காது நன்றாகக் கேட்கும், நாம் சொல்வது பெரும்பாலும் புரியும். வாய்ப்பேச்சு மட்டும் ஐந்தாறு சொல்லைத் தாண்டவில்லை. 5 வயதில் ஸ்பீச் தெரபிஸ்ட், "பேச்சு வரட்டும்னு காத்திருக்காதீங்க, வேற வழியில பேச விடுங்க" என்றார். வேறு வழி என்று அவர் சொன்னது மூன்று: கைச்சைகை, படங்கள் உள்ள புத்தகம், படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ஆப்.

வீட்டில் முதல் எதிர்ப்பு அப்பத்தாவிடமிருந்து. "படத்தைக் காட்டிக் காட்டி புள்ள வாயக் கட்டிப்புடாதீகப்பா." இந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு. எனக்கும் இருந்தது. 2006இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு இதையே எடுத்துப் பார்த்திருக்கிறது. நம்பும்படி ஆராயப்பட்ட 27 பேரில் ஒருவருக்குக்கூட இந்த வழிகளால் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான், அற்புதம் ஒன்றும் இல்லை. அப்பத்தாவிடம் ஆய்வைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவர் எப்படி மனம் மாறினார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கைச்சைகையை முதலில் முடித்துவிடலாம். செலவில்லை, சார்ஜ் இல்லை, மறந்து வைத்துவிட்டு வர முடியாது. ஆனால் அந்தச் சைகை எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். மருந்துக்கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் தெரியாது. 'போதும்', 'இன்னும்', 'பாத்ரூம்' மூன்றையும் இன்றும் கையால்தான் சொல்கிறாள். அதற்கு மேல் நாங்கள் போகவில்லை.

சரி, டேப்லெட்டுக்கு வருவோம்.

11,000 ரூபாய்க்கு ஒரு டேப்லெட், அதில் இலவச ஆப் ஒன்று. தமிழில் பேசியது, ஆனால் செய்தி வாசிப்பதுபோல. "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று அது சொன்னால் மகள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். எங்கள் வீட்டில் யார் 'தண்ணீர்' என்கிறோம்? பிறகு மச்சினர் மகளை உட்காரவைத்து அவள் குரலிலேயே பதிவு செய்தோம். "தண்ணி வேணும்." "போதும் போ." அந்தக் குரலில் மகள் தானாக அழுத்திய முதல் சொல் 'பருத்திப்பால்'. சாயங்காலம் தெருவில் வண்டி வருகிற சத்தம் கேட்டது. கூடத்திலிருந்து ஓடிவந்து, டேப்லெட்டைத் தேடி எடுத்து, பக்கம் புரட்டி அழுத்தினாள். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு இரண்டு டம்ளர் வாங்கிக்கொடுத்தோம்.

ஆகவே டேப்லெட் வேலை செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து அறையில் இருந்தாலும் அதன் குரல் கேட்கும். கரண்ட் போனாலும் திரை தெரியும். ஒரு படத்தைத் தொட்டால் அதற்குள்ளிருந்து நூறு படம் விரியும்படி அடக்கி வைக்கலாம். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற ஆப் தமிழிலும் பேசும், நம் வீட்டுப் படங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குச் சந்தா உண்டு. நான் அதை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்ததோடு சரி, அதனால் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இலவச ஆப்பைவிட ஒழுங்காக இருந்தது என்பது மட்டும் தெரியும்.

எங்களுக்கு முடிவு செய்துகொடுத்தது விலையும் அல்ல, படத்தின் அழகும் அல்ல. பராமரிப்புதான்.

டேப்லெட்டைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருவன். புதுச் சொல் சேர்க்க வேண்டுமானால் நான் கடையடைத்து வீட்டுக்கு வர வேண்டும். அதற்குள் அந்தச் சொல்லுக்கான நேரம் போயிருக்கும். சார்ஜ் போட மறந்தால் மறுநாள் காலை முழுக்க ஊமை. யூடியூப் பக்கம் ஓடாமலிருக்க அந்த ஆப்பை மட்டும் திரையில் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, 'ஸ்கிரீன் பின்னிங்' என்று அமைப்புகளுக்குள் இருக்கும். அதைத் திறப்பதும் எனக்குத்தான் தெரியும். வெயிலில் திரை தெரியாது. மதுரையில் வெயில் இல்லாத நேரம் எது?

அப்புறம் தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி. கூட்டத்தில் யாரோ இடிக்க, டேப்லெட் கையிலிருந்து நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது. கண்ணாடி போய்விட்டது என்று நினைத்தேன். "போர்டும் போச்சுண்ணே" என்றார் ரிப்பேர் கடைத் தம்பி. உள்ளே 140 படங்கள், 60 குரல் பதிவுகள். 'பேக்கப்' என்ற பொத்தான் அந்த ஆப்பில் இருக்கவே செய்தது. இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் அதைத் தொட்டதில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "பென்டிரைவுல ஒரு காப்பி வச்சுக்கங்க" என்று சொல்கிற ஆள் நான்.

அடுத்த மூன்று வாரம் அவளிடம் சொல்லே இல்லை. விட்டுப்போயிருந்த கைகடிக்கும் பழக்கம் திரும்பி வந்தது. மணிக்கட்டில் பல் தடம் பார்த்த அன்று ராத்திரிதான் கடையைத் திறந்து உட்கார்ந்து முதல் படப் பக்கத்தை அச்செடுத்தேன்.

படங்களுக்கு அலைய வேண்டியதில்லை. ஸ்பெயினில் அரகோன் மாநில அரசுக்குச் சொந்தமான அராசாக் என்ற இணையத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான குறிப்படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரைக் குறிப்பிட வேண்டும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் கடையில் யாராவது கேட்டு வந்தால் படத்துக்குக் காசு வாங்குவதில்லை, தாளுக்கும் லேமினேஷனுக்கும் மட்டும். பருத்திப்பாலும் கறிதோசையும் ஸ்பெயின்காரர்களிடம் இருக்காது. அதற்கெல்லாம் போனில் எடுத்த படம்.

முதலில் வெல்குரோ ஒட்டிய அட்டைகள்தான் செய்தேன். வேண்டிய படத்தைப் பிய்த்து நம் கையில் கொடுக்கும் முறை. 1985இல் அமெரிக்காவில் உருவானது, பெக்ஸ் என்பார்கள். பிள்ளை தானாக முன்வந்து கேட்கப் பழகுவதற்கு நல்ல முறை என்றுதான் தெரபிஸ்டும் சொன்னார். ஆனால் மே மாத வெயிலில் வெல்குரோ பசை இளகி அட்டையெல்லாம் பிசுபிசு. 'தோசை' கட்டிலுக்கடியில், 'அம்மா' வாஷிங் மெஷினுக்குள். மூன்று மாதத்தில் அலுத்துவிட்டது. அவளும் அதற்குள் படத்தைப் பிய்க்காமல் விரலால் தொட்டுக் காட்டவே ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் ஸ்பைரல் போட்ட புத்தகத்துக்கு மாறினோம்.

இப்போதுள்ள புத்தகம் 12 பக்கம். என் கடை விலைக்குப் பக்கத்துக்குக் கலர் பிரிண்ட் 10, லேமினேஷன் 20, மொத்தமாக ஸ்பைரல் 40. மொத்தம் 400 ரூபாய். ஒன்று வீட்டில், ஒன்று பள்ளிப் பையில், ஒன்று அண்ணன் சைக்கிள் கூடையில். தொலைந்தால் மறுநாள் அதே புத்தகம், அதே இடத்தில் அதே படம்.

அந்த 'அதே இடம்' முக்கியம். நாம் செல்போனில் எண்ணைப் பார்க்காமலேயே அழுத்துவதுபோல, பிள்ளையின் விரலுக்கு இடம் மனப்பாடமாகிவிடுகிறது. புதுச் சொல் வந்ததென்று பழைய படங்களை நகர்த்தினால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதாகும். ஒருமுறை அழகுக்காக வரிசை மாற்றி, அவள் புத்தகத்தைத் தூக்கி எறிந்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நாலு கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன். புதுச் சொல் அதில் குடியேறும். மற்றவை அசையாது.

முதல் பக்கத்தில் சாப்பாட்டுப் படங்களை நிரப்பாதீர்கள். நாங்களும் அந்தத் தப்பைச் செய்தோம். பிள்ளைக்குப் பேச்சு என்றால் தின்பது மட்டும்தானா? வேணும், வேணாம், இன்னும், நிறுத்து, உதவி, போ, வா, எங்க, வலிக்குது. இவைதான் முதலில். விளக்குத்தூண் பக்கம் தீபாவளித் துணி எடுக்கப் போன அன்று, ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அவள் புத்தகத்தைத் திறந்து 'சத்தம்' தொட்டு 'வேணாம்' தொட்டு 'வீடு' தொட்டாள். முந்தைய வருடம் இதே தெருவில் தரையில் புரண்டு அழுதவள். ஆட்டோ பிடித்து வந்துவிட்டோம். துணியை மறுநாள் நான் மட்டும் போய் வாங்கினேன். அந்த இரைச்சலில் டேப்லெட் பேசியிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

தமிழுக்கு என்று ஒரு சங்கடம் உண்டு. படம் படமாக அழுத்தினால் எங்களிடம் இருந்த ஆப் 'நான் கடை போ' என்றுதான் சொல்லும். உருபும் விகுதியும் ஒட்டாது. காகிதத்திலும் இருப்பது அதே மூன்று படம்தான். ஆனால் அங்கே வாய் நம்முடையது. அவள் தொடத் தொட, "கடைக்குப் போகணுமா?" என்று நாம் முழுசாகச் சொல்லிவிடுகிறோம். அவளும் முழு வாக்கியத்தைக் கேட்கிறாள். நாம் பேசும்போதும் படத்தைத் தொட்டுக்கொண்டே பேச வேண்டும் என்று தெரபிஸ்ட் சொன்னதும் இதனால்தான். மாதக்கணக்கில் நாம் மட்டும் தொட்டுக்கொண்டிருப்போம், பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அதில் மனம் விட்டுப்போகக் கூடாது.

அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. டேப்லெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்குமோ என்பதுபோல விலகியே இருப்பார். புத்தகம் வந்த இரண்டாவது மாதம், தினசரிக் காலண்டர் அட்டையிலிருந்து மீனாட்சி படத்தை வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒரு காலிக் கட்டத்தில் ஒட்டியிருந்தார். "கோயிலுக்குப் போறது எங்க இருக்கு இதுல? கேட்டா புள்ள எப்படிச் சொல்லும்?" அன்றைக்கே அதற்கு லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். மனைவி சேர்க்கிறாள், மகன் சேர்க்கிறான் (தன் படத்தைப் போட்டுப் 'பெரிய ஆள்' என்று எழுதி வைத்திருக்கிறான்), அப்பத்தாவும் சேர்க்கிறார். நான் இல்லாத நேரத்திலும் புத்தகம் வளர்கிறது.

செய்கிறவர்களுக்குக் கடைக்காரனாக இரண்டொரு வார்த்தை. இங்க்ஜெட் அச்சு வெயிலில் மங்கும், ஈரம் பட்டால் கசியும். லேசர் பிரிண்ட் கேளுங்கள். லேமினேஷன் உறை 125 மைக்ரான் இருக்கட்டும். தாளைச் சுற்றி ஓரம் விட்டு, ஸ்பைரல் பக்கம் இன்னும் கூட விட்டு ஓட்டச் சொல்லுங்கள். துளை தாளில் விழுந்தால் அந்த வழியே தண்ணீர் ஏறிவிடும். டியூப்லைட் வெளிச்சம் பளிச்சிட்டால் சில பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள், பளபளப்பில்லாத உறையும் கிடைக்கிறது. நாலு மூலையையும் உருட்டி வெட்டிவிடுங்கள், கூர்மூலை கன்னத்தைக் கிழிக்கும்.

காகிதத்தின் பெரிய குறை, அது கூப்பிடாது. நான் அடுப்படியில் திரும்பி நின்றால் அவள் கூடத்தில் எதைத் தொட்டாலும் எனக்குத் தெரியாது. மகன்தான் வழி கண்டுபிடித்தான். ஆட்டுக் கழுத்தில் கட்டும் சின்ன மணி ஒன்றை வாங்கி வந்து ஸ்பைரலில் கட்டிவிட்டான். இப்போது தெருவில் மணிச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள், "பாப்பா ஏதோ கேக்குதுக்கா, பாருங்க" என்கிறார்கள்.

பள்ளியில் ஒரு ஆசிரியை, பாடப் புத்தகம் தவிர வேறெதுவும் வகுப்பில் வேண்டாம் என்றார். சண்டை போடவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'தகவல்தொடர்பு' என்பதற்கான விளக்கத்திலேயே இப்படிப்பட்ட மாற்றுவழிகளும் அடங்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, லேமினேஷனும் போட்டுக் கையில் கொடுத்தேன். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரும் பேசினார். இப்போது மணியை மட்டும் கழற்றிவிட்டு அனுப்புகிறோம்.

விரலால் குறிபார்த்துத் தொட முடியாத, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகம் அப்படியே பொருந்தாது. கண்ணால் காட்டும் முறை, சுவிட்ச் வைத்து இயக்கும் கருவி என்று இருக்கின்றன. அவற்றில் எனக்குப் பழக்கம் இல்லை, தெரபிஸ்டைக் கேட்பதுதான் சரி. எங்கள் மகளுக்கும் நாளை நீளமாகச் சொல்ல வேண்டிய காலம் வந்தால் 12 பக்கம் காணாது. அன்றைக்கு மறுபடி டேப்லெட் வாங்குவேன், பேக்கப்பும் எடுப்பேன். புத்தகத்தைத் தூக்கிப் போட மாட்டேன்.

பெரியவர்கள் விஷயத்தில் எனக்கு ஒரே ஓர் ஆள் அனுபவம்தான். எங்கள் தெருவில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மகளின் புத்தகத்தைப் பார்த்த அவர் வீட்டார் அதேபோல ஒன்று கேட்டார்கள். நானும் அதே குறிப்படங்களைப் போட்டுக் கொடுத்தேன். இடது கையால் தள்ளிவிட்டார். சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதைத் தனக்குக் கொடுக்கிறோம் என்று கோபம். பிறகு எல்லாவற்றையும் நிஜப் போட்டோவாக மாற்றினோம்: அவர் மாத்திரை டப்பா, ஃபேன் சுவிட்ச், மகள் குடும்பம், பேப்பர், முனையில் உள்ள டீக்கடை பெஞ்ச். முதல் நாளே விரல் நேராகப் போனது பெஞ்சுக்குத்தான். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் விட்டுவந்தோம்.